இல்லம் பேணுவோம்: சுவருக்கு ஏற்ற போர்வை

மழை ஓய்ந்து கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் நாட்களில், நம் குடும்பங்களில் வீட்டுச் சுவர்களைப் பற்றிய பேச்சு எழுவது வழக்கம். முற்காலத்தில் அப்பேச்சு நீளுவதில்லை. சுண்ணாம்பை நீற்றி, சிறிது நீலம் கலந்து வெள்ளையடித்தால் இல்லம் புதுப்பொலிவு பெற்றுவிடும். இன்றோ டிஸ்டெம்பர், பிளாஸ்டிக் பெயிண்ட், பூப்போட்ட வால்பேப்பர், பி.வி.சி. பலகை, டைல்ஸ் எனக் கடைக்குக் கடை புதியன காட்டுகின்றனர். அண்டை வீட்டாருக்கு நிகராக வேண்டும் என்னும் ஆவலில் கடன் வாங்கத் துணிவோரும் உண்டு. ஆதலால் சுவருக்கு எதைப் போர்த்தலாம், எதைப் போர்த்தலாகாது என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

முதலில் நம் மண்ணை அறிந்துகொள்ளல் வேண்டும். சங்கரன்கோவில் வட்டாரத்தில் செம்மண்ணோடு கரிசலும் உண்டு. கரிசல் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும் இயல்புடையது. அதன்மீது போதிய அடித்தளமின்றி எழுப்பிய சுவர்களில் வெடிப்புகள் தோன்றுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழைநீர் அவ்வெடிப்புகளின் வழியே உள்ளே இறங்குகிறது. வெளிச்சுவரை ஒட்டிக் குவித்த மண், குளியலறைக் குழாயின் கசிவு, மொட்டை மாடியில் தேங்கும் நீர் ஆகியனவும் சுவரில் ஓதம் ஏறக் காரணமாகும்.

ஓதமேறிய சுவரின்மீது பிளாஸ்டிக் தன்மையுள்ள வால்பேப்பரையோ பலகையையோ ஒட்டினால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். வெளியே மலர்க்கொடி அழகாய்த் தோன்றும். பின்புறமோ பூஞ்சணம் படரும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமலும் ஆஸ்துமாவும் மிகுதியாகக் காணப்படுவதை, உலகச் சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டு நூலில் எடுத்துரைத்துள்ளது. அச்சுவரின் அருகே நாள்தோறும் உறங்குவது நம் குழந்தையன்றோ!

ஓதத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. ஓரடிச் சதுரமான பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டி, இரண்டு நாட்கள் விட்டுவிடுக. பின்னர் எடுத்துப் பார்க்கையில் தாளின் உட்புறம் நீர்த்துளிகள் இருப்பின், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது எனக் கொள்க. அதன் காரணத்தைக் களைந்து, சுவர் நன்கு உலர்ந்த பின்னரே மேற்பூச்சைப் பற்றி எண்ணுதல் நலம்.

சிறுசெலவுக் குடும்பங்களுக்கு இன்றும் உற்ற துணை சுண்ணாம்பே. தாழையூத்தில் 1949-ல் சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கியதற்குக் காரணமான சுண்ணாம்புக்கல் நமது நெல்லைச் சீமையின் செல்வமாகும். இக்கல்லைச் சுட்டு, நீற்றிப் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லின் தன்மையை அடைகிறது. ஈரம் ஆவியாகி வெளியேற அது இடம் தருகிறது. அதன் காரம் பூஞ்சணத்துக்கு ஆகாது. ஆயினும் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு பற்றாது; பழைய பூச்சைச் சுரண்டியே அடிக்க வேண்டும். நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். ஆதலால் குழந்தைகளை அருகே விடாதீர், கண்களைக் காத்துக்கொள்ளுங்கள்.

வால்பேப்பர் ஒட்டியே ஆகவேண்டும் என விரும்புவோர், நன்கு உலர்ந்த உட்சுவர் ஒன்றுக்கு மட்டும் ஒட்டலாம். செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையின் நான்கு சுவர்களும் 400 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 50 கழித்தால் 350. வழக்கமான சுருள் ஒன்று ஏறத்தாழ 57 சதுர அடி பரப்பை மூடும். எனவே ஏழு சுருள்களேனும் வேண்டும். பூவோடு பூ பொருந்த வெட்டுகையில் வீணாவது தனி. ஒரு சுவருக்கோ இரண்டு சுருள்கள் போதும்.

பி.வி.சி. பலகை எளிதில் துடைக்கத் தக்கது. எனினும் அடுப்பருகிலும், திருஇருதயப் படத்தின்முன் மெழுகுதிரி ஏற்றும் இடத்திலும் அதனைப் பொருத்துதல் ஆகாது. தீப்பற்றினால் மூச்சை அடைக்கும் நச்சுப்புகை எழும். அவ்விடங்களுக்கு டைல்ஸே தக்கது. எண்ணெய்ப் பிசுக்கும் புகைக்கரியும் எளிதில் நீங்கும். மரப்பலகையைச் சுவரோடு பொருத்த எண்ணுவோர் கரையானை மறவாதிருப்பாராக.

அழகுக்கு வேறு வழியும் உண்டு. சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையில் கோரையால் நெய்யும் பாய் உலகறிந்தது. அத்தகைய பாயையோ, நம்மூர்த் தறியில் நெய்த வண்ணப் பருத்தித் துணியையோ மேலே ஒரு கம்பில் கோத்துத் தொங்கவிட்டால் சுவர் பொலிவுறும். வேண்டும்போது கழற்றி வெயிலில் உலர்த்தலாம். பின்னாலுள்ள சுவரின் நிலையையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பழைய எண்ணெய்ப் பெயிண்ட்டைச் சுரண்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் நடுவணரசின் விதி, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முற்பட்ட பூச்சுகளில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே நீர் தெளித்து நனைத்தே சுரண்டுங்கள். உதிர்ந்த தூளை உடனே ஈரத்துணியால் துடைத்து அகற்றுங்கள்.

விழாவுக்கென ஒதுக்கிய பணத்தை முதலில் கசிவை அடைக்கவும், அடுத்து வெடிப்பைப் பூசவும், எஞ்சியதை அழகுக்கும் செலவிடுவீர்களாக. அவ்வாறு செய்தபின் வெள்ளையடிக்க மட்டுமே பணம் எஞ்சினாலும் வருந்த வேண்டாம். உலர்ந்த சுவருக்குள் குழந்தைகள் இருமலின்றி உறங்குவதே அவ்வில்லத்துக்குப் போதிய அழகாகும்.