நனையாத மழையும் இடிக்கப்பட்ட ஹவுழும்

நீரையும் ஓசையையும் ஓர் அறைக்குள் வைத்து, உள்ளே நுழைபவருக்கு மன அமைதி தருவதாகச் சொல்லும் ஒரு கலை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. காண்பியக் கலை பற்றி எழுதும் நம் நண்பர்கள் இதனை நிறுவல் கலை என்கிறார்கள். இது சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் ஓவியமன்று. பார்வையாளர் உள்ளே நடக்கலாம், நிற்கலாம், காது கொடுக்கலாம், சில வேளை தொட்டும் பார்க்கலாம். கொழும்புக்கும் இது வந்து நாளாயிற்று. ஆனால் நம் கரையோர இலக்கிய வட்டங்களில் இதைப் பற்றி இரண்டே இரண்டு குரல்களைத்தான் கேட்கிறேன். ஒன்று, “என்ன நவீனம்!” என்ற வாய்பிளப்பு. மற்றையது, “தொட்டியில் தண்ணீரை ஊற்றி வைத்தால் அது கலையா? காசுக்காரரின் விளையாட்டு” என்ற நையாண்டி. இரண்டுமே யோசிக்கப் பஞ்சிப்படுபவரின் பேச்சு என்பது என் கட்சி. வாய்பிளப்பவருக்குத் தன்னிடம் என்ன இருந்தது என்று தெரியாது. நையாண்டி செய்பவருக்குத் தான் எதை இடித்துவிட்டு நிற்கிறார் என்று தெரியாது.

முதலில் அந்தப் படைப்புகளை நேர்மையாகப் பார்ப்போம். ‘மழை அறை’ என்று ஒன்று உண்டு. ‘ரேண்டம் இன்டர்நேஷனல்’ என்ற குழுவினர் அதை 2012இல் இலண்டன் பார்பிக்கன் கலை நிலையத்தில் வைத்தார்கள். 2018இல் அது சார்ஜாவில் அதற்கென்றே எழுப்பிய கட்டடத்தில் நிரந்தரமாகக் குடியேறியது. இருண்ட அறை, கூரையிலிருந்து கொட்டும் மழை, அதன் இரைச்சல். நீங்கள் உள்ளே நடந்தால் உணரிகள் உங்களைக் கண்டுகொள்கின்றன; நீங்கள் நிற்கும் இடத்தில் மட்டும் மழை நின்றுவிடுகிறது. சுற்றிலும் கொட்டும், உங்கள் தலையில் ஒரு துளியும் விழாது. கொட்டும் நீர் திரும்பத் திரும்பச் சுத்திகரிக்கப்பட்டுச் சுழல்கிறது. பிரெஞ்சுக் கலைஞர் செலஸ்ட் பூர்சியே மூழெனோவின் படைப்பு இன்னொரு விதம். நீல நிறத் தடாகத்தில் வெண்பீங்கான் கிண்ணங்கள் மிதக்கின்றன. மெல்லிய நீரோட்டம் அவற்றை நகர்த்துகிறது. ஒன்றோடொன்று முட்டும்போது மணியோசை பிறக்கிறது. மெல்பேர்னில் வைக்கப்பட்ட அது, 2025இல் பாரிஸ் நகரின் பழைய வணிகக் கட்டடமொன்றில் 18 மீற்றர் அகலத் தடாகமாக விரிந்தது. கிண்ணத்தில் நீர் வார்த்துக் குச்சியால் தட்டும் ஜலதரங்கத்தை அறிந்த நமக்கு இது அந்நியமே அல்ல. குச்சியையும் வாசிப்பவரையும் எடுத்துவிட்டு, நீரையே வாசிக்க விட்டிருக்கிறார். அவ்வளவுதான். இதில் அழகு இருக்கிறது. இல்லை என்பவர் பொய் சொல்கிறார்.

அப்படியானால் சண்டை எங்கே? அமைதி யாருக்கு, எதிலிருந்து, எந்த வாசல் வழியாக என்ற கேள்வியில்தான்.

நனையாத மழையில் நடப்பவர் மழையைச் சந்திப்பதில்லை. மழை தனக்குப் பணிவதைச் சந்திக்கிறார். நமதூர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த வளைகுடா வெயிலில் குழாய் பதிக்கிறார்கள், கட்டடம் கட்டுகிறார்கள். விடுமுறை நாளில் சீட்டு வாங்கி அந்த அறைக்குள் போய் நிற்கும் எண்ணம் அவர்களில் எத்தனை பேருக்கு வரும்? அந்தக் கலைஞர்களைக் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. அமைதி தேவைப்படுபவனும் அமைதி பரிமாறப்படும் இடமும் ஒன்றையொன்று காணாமலே இருக்கின்றன என்பதைச் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிரான நீரும் உண்டு. 2016 டிசம்பரில் தொடங்கிய கொச்சி முசிரிஸ் பினாலேயில் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா பழைய பண்டகசாலை ஒன்றைக் கடல்நீரால் நிரப்பினார். சுவர்களில் அவருடைய வரிகள். வாசிக்க வேண்டுமானால் செருப்பைக் கழற்றிவிட்டு நீருக்குள் இறங்கி நடக்க வேண்டும். ‘துயரக் கடல்’ என்று அதற்குப் பெயர். 2015 செப்டம்பரில் துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியாக் குழந்தை அய்லான் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே படகில் அவனுடைய தாயும் அண்ணன் காலிபும் இறந்தார்கள். கரையில் கிடந்த காலிபின் படம் அப்படி எவர் கண்ணிலும் பதியவில்லை. சூரிட்டா தன் கடலை அந்தக் காலிபுக்கே காணிக்கையாக்கினார். அங்கே எவரும் நனையாமல் திரும்பவில்லை. அதுவும் நீர்தான், அதுவும் நிறுவல்தான். ஆக, “தொட்டித் தண்ணீர் கலையா?” என்று கேட்பவருக்குப் பதில் கொச்சியில் இருந்தது.

இப்போது நம் கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று முஸ்லிம் ஊர் தமிழ் ஊர் பாராமல் கடல் வந்து போனது. கடலோசை கேட்டால்தான் உறக்கம் வரும் என்றிருந்த மூத்தம்மாமார், அதற்குப் பிறகு அந்த ஓசை காதில் விழாத உள்ளூருக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆற்றுப்படுத்துநர்கள் கூடாரங்களோடு வந்தார்கள். திட்டக் காலம் முடிந்ததும் கூடாரங்களோடு போனார்கள். இன்று என் வகுப்பில் இருக்கும் எந்தப் பிள்ளையும் அப்போது பிறந்திருக்கவில்லை. கடலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் மீன், படகு, சூரியோதயம், சுற்றுலா என்று எழுதுகிறார்கள். வீட்டில் வாப்பா ஏன் கடற்கரைக்குப் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. வாப்பாவும் சொல்வதில்லை. அமைதி தேவைப்படும் கரை ஒன்று இந்த நாட்டில் உண்டென்றால், அது இதுதான்.

நீரின் ஓசையால் மனதை ஆற்றுவது மேலைநாட்டார் நேற்றுக் கண்டுபிடித்த வித்தையுமல்ல. சிரியாவின் அலெப்போவில் 1354இல் எழுந்த அர்கூன் மருத்துவமனையில் மனநோயாளர் இருந்த முற்றங்களின் நடுவே நீர்த்தடாகங்கள் இருந்தன. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயசீத் 1488இல் எடிர்னே நகரில் கட்டி முடித்த மருத்துவமனையில், குவிமாடத்தின் கீழே நட்டநடுவில் ஒரு நீரூற்று. சுற்றிவர நோயாளர் அறைகள். நீர் விழும் ஓசை எல்லா அறைக்கும் போகும். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே சென்ற பயணி எவ்லியா செலபி, பத்துப் பேர் கொண்ட இசைக்குழு வாரத்தில் மூன்று நாட்கள் நோயாளருக்காக வாசித்ததைப் பதிவு செய்திருக்கிறார். அது வக்ஃபுச் சொத்தில் நடந்தது. நோயாளியிடம் சீட்டுக் கேட்கவில்லை. மனம் குழம்பியவனைச் சங்கிலியில் கட்டிப் போடுவது ஐரோப்பாவில் பின்னரும் நெடுங்காலம் வழக்கமாக இருந்ததை நினைத்தால் இதன் பெருமை விளங்கும். அமைதியைத் தேடுவது தவறென்று நான் வாதாடவில்லை என்பதற்கு எடிர்னேயே சாட்சி. அங்கே அமைதி நோயைத் தேடிப் போனது. இங்கே காட்சிக்கூடத்து அமைதி, ஏற்கெனவே அமைதியாக இருப்பவரையே தேடிப் போகிறது.

இந்தப் பரம்பரையின் ஒரு சிறு துண்டு நம் ஒவ்வோர் ஊரிலும் இருந்தது. பள்ளிவாசலின் ஹவுழைத்தான் சொல்கிறேன். வெயிலில் வந்தவன் அதன் விளிம்பில் குந்தியிருப்பான். கை அளைய நீர் அசையும். நாலு பேர் வுழூச் செய்யும் ஓசை தாழ்வாரத்தில் எதிரொலிக்கும். உள்ளே மீன் குஞ்சுகள் ஓடும். சண்டையிட்டுக்கொண்டு வந்த இருவர் எதிரெதிரே இருந்து முகம் கழுவிய இடம் அது. நுழைவுச்சீட்டில்லாமல், விளக்கக் குறிப்பில்லாமல், ஒரு நாளைக்கு ஐந்து முறை இயங்கிய நீர், ஓசை நிறுவல்! அதை நாம் என்ன செய்தோம்? ஊருக்கு ஊர் இடித்தோம். இடித்த இடத்தில் மாபிள் பதித்தோம். சுவரைப் பார்த்து வரிசையாகக் குழாய் பூட்டினோம். இப்போது ஒருவன் முகத்தை ஒருவன் பார்ப்பதில்லை. அனைவரும் சுவரைப் பார்த்துக் கழுவிக்கொண்டு போகிறோம்.

நம்பிக்கையாளர் சபையினர் சுகாதாரம் என்பார்கள். அந்த வாதத்தைத் தட்டிக் கழிக்க மாட்டேன். பல கைகள் படும் தேங்கிய நீரில் நோய் பரவலாம் என்பது மெய். ஆனால் நீரை வடிகட்டிச் சுழற்றும் இயந்திரம் கிடைக்காத காலமா இது? சார்ஜாவில் மழையையே சுத்திகரித்துச் சுழற்றுகிறார்களே! ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் வுழூவில் நீரை வீணாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்ட சமூகம், குழாயைத் திறந்துவிட்டுக் கதை பேசிக்கொண்டு நிற்கிறதே, அதை எந்தச் சுகாதாரம் மன்னிக்கும்? ஹவுழைக் காப்பாற்ற ஆகும் செலவு புதிய மினாராவின் செலவில் ஒரு மூலைக்கும் காணாது. இடித்ததற்குக் காரணம் சுகாதாரமல்ல, புதிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. “என்ன நவீனம்!” என்று வாய்பிளக்கும் அதே ஆசை.

நீர் போன வழியில் ஓசையும் போயிற்று. கரைவலை இழுக்கையில் பாடிய அம்பா, பல இடங்களில் உழவு இயந்திரம் வலையை இழுக்கத் தொடங்கியதோடு வாயடைத்துவிட்டது. பக்கீர்மாரின் றபானும் பைத்தும் எங்கள் அக்கரைப்பற்றின் தெருக்களுக்கு உரியவை. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 தொடக்கம் இங்கே வந்து தங்கி இவற்றையெல்லாம் கேட்டு எழுதினார். அவருடைய பெரிய நூல் 2008இல் வெளிவந்தது. நாமோ அவற்றைக் கூடாதவை என்று சிலரும், பழையவை என்று சிலரும் சொல்லி ஒதுக்கினோம். மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் தோணித் துடுப்பை நீரில் இறக்கி மறுமுனையில் காதை வைத்துப் ‘பாடும் மீன்’ கேட்டது நம் கிழக்கு. அந்தத் துடுப்புக்கு முன்னால் எந்தக் காட்சிக்கூடத்து ஒலிபெருக்கி நிற்கும்?

நம் எழுத்தாளர்களிடமும் ஒரு வார்த்தை உண்டு. ஆழிப்பேரலை பற்றி நாம் எழுதிய கவிதைகளை அடுக்கினால் ஓர் அலுமாரி நிறையும். டிசம்பர் வந்தால் கடல் அரக்கியாகும், அலை நாக்காகும், கரை கபுறாகும். வாசிப்பவன் கால் நனைவதில்லை. அவையும் நனையாத மழைதான். எந்த வீட்டில், எந்த மணிக்கு, எந்தக் கதவு முதலில் உடைந்தது, மீண்டுவந்த தாய் முதலில் யாருடைய பெயரைக் கூப்பிட்டாள் என்று கேட்டு எழுதியவை எத்தனை? 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சனாதனன், மக்களின் வீடுகளிலிருந்து அன்றாடப் பொருட்களை வாங்கி அடுக்கியே ஒரு நிறுவலைச் செய்தார். அதற்குப் பெரும் பணம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு வீட்டுப் படியிலும் ஏறி இறங்கும் பொறுமைதான் தேவைப்பட்டது. அந்தப் பொறுமை நமக்கில்லை.

எங்கள் பகுதியின் மிகப் பெரிய நிறுவல் எது தெரியுமா? நுரைச்சோலை வீட்டுத்திட்டம். பேரலையில் வீடிழந்தோருக்காகச் சவூதி அரேபியாவின் நிதியில் எழுந்த 500 வீடுகள். யாருக்கு எத்தனை என்ற பிணக்கில் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2009இல் தீர்ப்பு வந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் கதவடைத்துப் பற்றை மண்டிக் கிடந்தன. வெறும் வீடுகளுக்குள் காற்று ஊதும் ஓசையை எந்தக் கலைஞனும் அமைக்கவில்லை, அரசியல் அமைத்தது. ஒலுவிலில் 2013இல் துறைமுகம் திறந்தார்கள். அதைக் கட்டியதோடு கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. தென்னைகள் வேரோடு சாயும் ஓசையை அங்குள்ளவர்கள் இராவில் படுத்துக் கிடந்து கேட்டார்கள். இவற்றைக் கேட்கச் செய்யாத எந்த நீர்க்கலையும் இந்தக் கரைக்கு அந்நியந்தான்.

2019 ஜனவரியில் கொழும்பு கொம்பனித் தெருவில் நடந்த ‘கொலம்போஸ்கோப்’ கலைவிழா கடல் மாற்றத்தையே கருப்பொருளாகக் கொண்டிருந்தது. 1983 ஜூலையில் எரியூட்டப்பட்ட ரியோ திரையரங்கக் கட்டடத்தில் அதை நடத்தினார்கள். காயம்பட்ட கட்டடத்துக்குள் கடலைக் கொண்டுவந்தது நல்ல யோசனை. ஆனால் நம் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலா அன்றும் இன்றும் மிருகக்காட்சிசாலை, விமான நிலையம், பாராளுமன்றம் என்ற மூன்று வாசல்களைத் தாண்டியதில்லை. நையாண்டி செய்யும் நண்பர்களே, பிள்ளைகளை ஒரு முறையாவது அழைத்துப் போய்க் காட்டிவிட்டு நையாண்டி செய்யுங்கள். கண்டு மறுப்பதுதான் விமர்சனம்.

நான் கேட்பது கொழும்புக் காட்சிக்கூடத்தின் கிளையை அல்ல. எஞ்சியிருக்கும் ஹவுழ்களில் ஊருக்கு ஒன்றையாவது இடிக்காமல் விடுங்கள். அம்பா பாடத் தெரிந்த கடைசி மீனவர் கண்மூடுவதற்குள், உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் கைபேசியோடு அவரிடம் அனுப்புங்கள். இன்றைக்கு ஒலிப்பதிவுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. கடற்கரையில் ஒரு சிறு அறை போதும். உள்ளே ஒரு தொட்டி நீர், கடலில் போனவர்களின் பெயர்களை அவரவர் வீட்டார் உச்சரிக்கும் குரல்கள், தமிழ் ஊர்ப் பெயர்களும் முஸ்லிம் ஊர்ப் பெயர்களும் ஒன்றாக. சீட்டு வேண்டாம், திறப்புவிழாவுக்கு அமைச்சரும் வேண்டாம். தகப்பன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, சொல்லாமல் விட்டதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். நிதி இல்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். மாபிளுக்கு நிதி இருந்தது.