காவல் மென்பொருளே கணினிகளை முடக்கியபோது

2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி உலகின் பல நாடுகளில் விமான நிலையங்கள், மருத்துவமனைகள், வங்கிகள் ஆகியவற்றின் கணினிகள் திடீரெனச் செயலிழந்தன. இணையத் தாக்குதலோ என்ற அச்சம் எழுந்தது. ஆனால், அத்தகைய தாக்குதல்களைத் தடுப்பதற்காக நிறுவப்பட்டிருந்த மென்பொருளே அதற்குக் காரணம் என்பது விரைவில் தெரியவந்தது.

அமெரிக்காவின் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தனது பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு சிறிய கோப்பில் பிழை இருந்தது. 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டுவிட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விண்டோஸ் கணினிகளில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அவற்றில் பல, அத்தியாவசிய சேவைகளை நடத்தும் நிறுவனங்களுடையவை.

சாதாரண மென்பொருள் பழுதானால் அது மட்டுமே நின்றுபோகும். இந்த மென்பொருளோ இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே செயல்படுவது. எனவே அதன் பிழை கணினியையே நிறுத்தியது. பல கணினிகளைத் தொலைவிலிருந்து சீர்செய்ய இயலவில்லை. ஊழியர்கள் ஒவ்வொன்றாகச் சென்று அக்கோப்பை நீக்க வேண்டியிருந்தது. டெல்டா விமான நிறுவனம் ஐந்து நாட்களில் சுமார் 7,000 விமான சேவைகளை ரத்து செய்தது.

சோதனைக் கருவியிலும் பிழை இருந்ததால் பழுதான கோப்பு தப்பிவிட்டது என்று கிரவுட்ஸ்டிரைக் விளக்கமளித்தது. ஆனால் அது ஏன் அனைவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பப்பட்டது என்பதே முக்கியக் கேள்வி. புதிய தாக்குதல்கள் வேகமாகப் பரவுவதால் தடுப்பும் உடனடியாகச் சென்றடைய வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. எனினும், 2010ஆம் ஆண்டிலேயே மெக்காஃபி நிறுவனத்தின் புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸின் இன்றியமையாத கோப்பு ஒன்றை வைரஸ் என்று தவறாகக் கருதி ஏராளமான கணினிகளை முடக்கியிருந்தது. ஆகவே இது எதிர்பாராத ஆபத்து அல்ல.

இச்சம்பவத்துக்குப் பின்னர், புதுப்பிப்புகளைக் கட்டம் கட்டமாக அனுப்பும் முறையை கிரவுட்ஸ்டிரைக் ஏற்றது. பாதுகாப்பு மென்பொருட்களை இயங்குதளத்தின் மையத்துக்கு வெளியே இயங்கச் செய்யும் பணிகளை மைக்ரோசாஃப்ட் 2025ஆம் ஆண்டில் அறிவித்தது.

இழப்பீடு குறித்த தகராறை டெல்டா நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. ஆனால் விமான நிலையங்களில் காத்துக் கிடந்த பயணிகளுக்கும், இங்கிலாந்தில் மருத்துவரைச் சந்திக்க முடியாமல் திரும்பிய நோயாளிகளுக்கும் அந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததில் எந்தப் பங்கும் இல்லை. ஒரு தனியார் நிறுவனத்தின் சோதனை முறை பொதுமக்களின் அன்றாட வாழ்வைத் தீர்மானிக்கும் நிலையில், அதைக் கண்காணிக்கும் பொறுப்பை அந்நிறுவனத்திடமே விட்டுவிடலாமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.