வாசற்காவலனை அனுப்பிவிட்டவன் நானே



இந்த வாரம் என் வீட்டு மேசையின்மேல் இருக்கும் மடிக்கணினியைப் பற்றி எழுதுகிறேன். இது ஆலோசனை மட்டுமல்ல, ஓர் அறிக்கையிடுதலும்கூட. உங்களில் சிலரிடம் நேரில் சொல்லிவிட்டேன். மற்றவர்களும் அறியவேண்டிய காரியம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாள் பிரசங்கக் குறிப்பைத் திறக்க முயன்றேன், திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் பின்னால் பொருளற்ற நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு சிறு குறிப்பு இருந்தது: பணம் செலுத்தினால் திறவுகோல் தருவோம் என்று. பதினோரு ஆண்டுப் பிரசங்கக் குறிப்புகள், திடப்படுத்தல் வகுப்புப் பாடங்கள், என் தாயாருடன் கொண்டாடிய கடைசி கிறிஸ்துமஸின் படங்கள் யாவும் பூட்டப்பட்டுவிட்டன.

அவை என் இழப்புகள், தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதே கணினியில் ‘ஜெபக் குறிப்புகள்’ என்று ஒரு கோப்புறை இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் என்னிடம் சொன்ன வியாதிகள், கடன்கள், பிள்ளைகளின் வாழ்வில் நேர்ந்த முறிவுகள் அதில் இருந்தன. இவ்வகைத் தீநிரல்களில் சில, கோப்புகளைப் பூட்டுவதற்குமுன் அவற்றையும் கடவுச்சொற்களையும் களவாடிச் செல்கின்றன. ஆகையால் அனைத்தும் களவுபோனதாகவே எண்ணி, அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு வீட்டிற்கும் சென்று மன்னிப்புக் கேட்டேன். ஒரு மூதாட்டி, “ஐயா, கர்த்தரிடம் சொல்லத்தானே உங்களிடம் சொன்னேன்” என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

இது எப்படி நேர்ந்தது? உயிர்த்தெழுதல் பண்டிகை ஆராதனையின் காணொளியைத் தொகுக்க ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. விலை அதிகம் என்று தோன்றியதால், அதையே இலவசமாகத் தருவதாகச் சொன்ன ஒரு தளத்திலிருந்து ‘கிராக்’ செய்யப்பட்ட பிரதியை இறக்கிக்கொண்டேன். அதனுடன் வந்த குறிப்பில் முதல் வரியே, நிறுவுவதற்குமுன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள் என்பதுதான். அணைத்தேன். களவு செய்யலாகாது என்ற கட்டளையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கற்பிக்கிறவன் நான்.

எருசலேமின் அலங்கம் 52 நாட்களில் கட்டி முடிக்கப்பட்டதை நாம் அறிவோம். ஆனால் நெகேமியா அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. கதவுகளை அமைத்து, வாசற்காவலரை நியமித்து, வெயில் ஏறும்வரை வாசல்களைத் திறக்கலாகாது என்று கட்டளையிட்டார். நகரத்தின் பாதுகாப்பு கல்லில் மட்டுமல்ல, கதவைத் திறக்கும் கையிலும் இருந்தது. நானோ திருடன் சொன்னான் என்பதற்காக என் வாசற்காவலனையே வெளியே அனுப்பிவிட்டேன்.

வீட்டுக் கணினியில் வைரஸ் நுழைவதை நாம் ஒரு தொழில்நுட்ப விபத்தாகவே பேசுகிறோம். அது பெரும்பாலும் கதவைப் பற்றிய காரியம் என்பதே என் கருத்து. உலகம் அறிந்த இரண்டு நிகழ்ச்சிகளைப் பாருங்கள். 2000 மே மாதத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்புடன் ஒரு மின்னஞ்சல் பரவியது. அறிந்தவரிடமிருந்தே வந்ததுபோல் இருந்தது. இணைப்பு சாதாரண எழுத்துக் கோப்பைப்போல் தோன்றியது. அது ஒரு நிரல் என்பதைக் காட்டும் கடைசி மூன்று எழுத்துகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும். திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் அது தன்னையே அனுப்பிக்கொண்டது. 2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ பரவியபோதோ, எவரும் எதையும் திறக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. விண்டோஸில் இருந்த ஒரு குறையின் வழியாக அது தானே நுழைந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அந்தக் குறையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது.

முன்னது ஆவலால் திறந்த கதவு. பின்னது அசதியால் அடைக்காத கதவு. என்னுடையது இச்சையால் திறந்த கதவு. நம் வீடுகளில் இந்த மூன்றாம் வகையைக் குறித்தே நாம் பேசுவதில்லை. ஏனெனில் அதை நாம் குற்றமாகவே எண்ணுவதில்லை. கடைக்காரர் ‘எல்லாம் போட்டுத் தருகிறேன்’ என்றால் மகிழ்ச்சியோடு வாங்கி வருகிறோம். யாருடைய உழைப்பு, யார் பூட்டை உடைத்தார், ஏன் உடைத்தார் என்று கேட்பதில்லை. கூலியின்றிப் பூட்டை உடைத்துக் கொடுக்கிறவன் தன் கூலியை வேறெங்கோ எடுத்துக்கொள்வான் என்பதை நான் விலை கொடுத்துக் கற்றேன்.

“ஐயா, விலை கொடுத்து வாங்க எங்களால் கூடுமா?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நேர்மையான இலவசங்கள் நிறையவே உண்டு. கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. படங்களைத் திருத்த கிம்ப் இருக்கிறது. தமிழில் தட்டெழுத விண்டோஸிலேயே விசைப்பலகை இருக்கிறது. ஆராதனையில் பாடல் வரிகளைத் திரையில் காட்ட ஓபன் எல்பி என்ற மென்பொருளை இலவசமாகவே தருகிறார்கள். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் என்ற காவல் மென்பொருள், அணைக்காமல் விட்டால், சாதாரண வீட்டிற்குப் போதுமானது. களவாடிய மென்பொருளால் துதிப் பாடலைத் திரையில் காட்டுவது நமக்குத் தகுமா? சபைக் கணினியில் இனி அப்படி ஒன்றும் இராது என்று கமிட்டியில் தீர்மானித்திருக்கிறோம்.

மற்றவை எளிய பழக்கங்களே. அப்டேட் கேட்டால் ‘பிறகு’ என்று தள்ளாதிருங்கள். விண்டோஸ் 10 பதிப்பிற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதற்கு மேற்பட்ட பதிப்பை ஏற்காத பழைய கணினியில் இலவசமான லினக்ஸை நிறுவலாம். அன்றாடப் பயன்பாட்டிற்கும் பிள்ளைகளுக்கும் நிர்வாக உரிமை இல்லாத தனிக் கணக்கு வையுங்கள். தீநிரல் நுழைந்தாலும் அதன் கை அவ்வளவு தூரம் நீளாது. அழைப்பிதழ் அச்சடிக்கும் கடைக்குப் போய்வந்த பென் டிரைவை ஸ்கேன் செய்யாமல் திறக்காதிருங்கள். கோப்புறைகள் மறைந்து அவற்றின் இடத்தில் ஷார்ட்கட் மட்டும் தெரிந்தால் அதைத் தொடவே வேண்டாம். ‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரை அலறினால் அது பொய். மைக்ரோசாப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் தருவதில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வாரந்தோறும் நகலெடுத்து, எடுத்தவுடன் அதைக் கழற்றி வையுங்கள். என்னிடமும் ஒரு நகல் இருந்தது. ஆனால் அது எந்நேரமும் கணினியோடு இணைந்தே கிடந்ததால், அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டது.

நான் பணம் செலுத்தவில்லை. கொடுத்தாலும் திறவுகோல் வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வந்தாலும் அந்தப் பணம் அடுத்த வீட்டைக் கொள்ளையிடவே பயன்படும். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ என்ற தளம், பலவகைப் பூட்டுகளுக்குத் திறவுகோல்களை இலவசமாகத் தருகிறது. என் பூட்டுக்கு அங்கே திறவுகோல் இல்லை. உங்களுடையதற்கு இருக்கக்கூடும்.

இன்னும் ஒரு குற்றத்தை அறிக்கையிடவேண்டும். அந்தச் சனிக்கிழமைக்குப் பின் மூன்று நாட்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை, வெட்கம். உடனே இணையத்தைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, உங்களை எச்சரித்திருக்கவேண்டிய நாட்கள் அவை. தீநிரல் செய்த சேதத்தைவிட என் மௌனம் செய்தது பெரிதாக இருந்திருக்கலாம். ஆகவே பெற்றோரே, உங்கள் மகன் ஏதேனும் தவறாக அழுத்திவிட்டேன் என்று வந்தால் முதலில் கோபிக்காதிருங்கள். பிள்ளைகளே, தூரத்தில் இருக்கும் அப்பா, ஏமாந்துவிட்டேன் என்று போன் செய்தால் ஏளனம் செய்யாதிருங்கள். கடிந்துகொள்ளப்படுவோம் என்று அஞ்சுகிறவர் மறைப்பார்; மறைக்கும் நேரம் திருடனுக்கு ஆதாயம். வங்கிப் பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால், பணம் கைமாறுவதற்குமுன் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஆலய மண்டபத்தில் இருப்பார்கள். உங்கள் மடிக்கணினியையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கையும் கொண்டுவாருங்கள். என்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று யாரும் உங்களை விசாரிக்கமாட்டார்கள். முதல் கணினியாக என்னுடையது மேசைமேல் இருக்கும்.

உங்கள் ஜெபக் குறிப்புகளை இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில், கையால் எழுதி வருகிறேன். அது பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அதன் சாவி என்னிடம் மட்டுமே உண்டு. இம்முறை அதை யார் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.

உங்கள் ஊழியக்காரன்,
போதகர்