வலியில்லாத நெறி

காலில் முள் தைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதும், கை விரலில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டுவதும் நம் வீடுகளில் யாவரும் அறிந்த விஷயம். புண் ஆறினால் நெறியும் தானே கரைந்துவிடும் என்று பாட்டிமார் சொல்லுவது பெரும்பாலும் உண்மையே. ஆனால் புண் ஒன்றும் இல்லாமலே கட்டுகிற நெறியும் உண்டு. அது வலியின்றி வந்து, கரையாமல் தங்கி, மெள்ள மெள்ள வளரும். அதைப் பற்றி இவ்வாரம் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

நம் உடம்பில் இரத்தத்தைப் போலவே நிணநீர் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது செல்லும் வழியெங்கும் அவரை விதை போன்ற சிறு கணுக்கள் இருக்கின்றன. ஊர் எல்லையிலுள்ள சுங்கச் சாவடிகளைப் போல, வருவனவற்றையெல்லாம் நிறுத்திச் சோதித்து, நோய்க் கிருமிகளை அங்கேயே எதிர்ப்பது இவற்றின் தொழில். அக்குளில் மட்டும் இத்தகைய கணுக்கள் ஏறக்குறைய 20 முதல் 30 வரை உள்ளன. கை, மார்பகம், மார்புச் சுவர் ஆகிய இடங்களின் நிணநீர் இவற்றின் வழியே செல்கிறது. கையில் பூனை பிராண்டினாலும், குழந்தையின் இடக் கையில் காச நோய்த் தடுப்பூசி போட்டாலும் சில சமயம் இவை வீங்குவதற்குக் காரணம் இதுவே. பெண்களுக்கு அக்குளில் கட்டி கண்டால் மார்பகத்தையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர்கள் வற்புறுத்துவதும் இதனாலேயே.

காவல் காக்கும் இவ்வணுக்களே கட்டுமீறிப் பெருகினால் அது நிணநீர்ப் புற்று எனப்படும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இதில் பல வகைகள் உண்டு. அவற்றுள் ஒன்றான ஹாட்ஜ்கின் நோய் பெரும்பாலும் கழுத்தில் தொடங்கும். அக்குளில் மட்டும் தோன்றுவது அரிது. முழங்கைக்கு அருகிலுள்ள கணுவில் தோன்றுவது அதனினும் அரிது. அரிதாகையால்தான் அதை ஒருவரும் சந்தேகிப்பதில்லை.

லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய தாமஸ் ஹாட்ஜ்கின் என்பவர் 1832-ஆம் ஆண்டில் ஏழு நோயாளிகளின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் உதவியின்றி, இறந்தவர் உடலைக் கண்ணால் பார்த்தே எழுதினார். பிற்காலத்தார் ஆராய்ந்தபோது அவ்வேழும் ஒரே நோயல்ல என்று தெரிய வந்தது. அந்நோய்க்கே உரிய பெரிய அணுக்களைக் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் 1898-லும், டாரதி ரீட் என்ற பெண் டாக்டர் 1902-லும் தெளிவாக விவரித்தனர். இரட்டை உட்கருவுடன் ஆந்தையின் கண்களைப் போல் தோன்றும் அவ்வணுக்களே இன்றும் நோயைக் காட்டிக்கொடுக்கின்றன. ஹாட்ஜ்கினின் கண்ணுக்கே எட்டாத வேற்றுமை நம் விரல் நுனிக்கு எட்டுமா?

நம் நாட்டில் இதற்கு மற்றொரு சிக்கலும் உண்டு. காச நோயும் கணுக்களை வீங்கச் செய்யும். கழுத்தில் வரும் அதனைக் கண்டமாலை என்று நம் முன்னோர் அழைத்தனர். மாலைச் சுரம், இரவில் வியர்வை, உடல் மெலிவு ஆகியவை இரண்டு நோய்க்கும் பொது. ஆதலின் கணுவைச் சோதியாமலே காச மருந்து கொடுத்து, மாதங்கள் கழிந்த பின் உண்மை வெளிப்படுவதும் நேர்கிறது. ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதும் பல சமயம் போதாது. ஏனெனில் ஆயிரக்கணக்கான சாதாரண அணுக்களுக்கு நடுவே அந்த ஆந்தைக் கண் அணுக்கள் மிகச் சிலவே இருக்கும். இயன்றவரை ஒரு கணுவை முழுமையாக எடுத்துச் சோதிப்பதே நிச்சயமான வழி.

இங்கேதான் நம் குடும்பங்கள் தயங்குகின்றன. "கத்தி பட்டால் கட்டி பரவிவிடும்" என்பது ஒரு பயம். சோதனைக்காகக் கணுவை எடுப்பதால் இந்நோய் பரவுவதில்லை. "கலியாணம் ஆக வேண்டிய பெண், தழும்பு விழலாமா?" என்பது மற்றொன்று. இந்நோய் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்டவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவதால் இக்கேள்வி பல வீடுகளில் எழத்தான் செய்யும். அக்குளில் விழும் ஓர் அங்குலத் தழும்பைப் பெண்ணின் உயிரோடு ஒரு தட்டில் வைத்து நிறுக்கலாமா என்று பெற்றோர்களைக் கேட்கிறோம்.

ஏனெனில் இது தீரக்கூடிய நோய். 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில், கழுத்திலும் அக்குளிலும் நிணநீர்ப் புற்று பெருத்துத் துன்புற்ற ஒரு நோயாளிக்குப் போர்க்கள விஷவாயுவின் இனத்தைச் சேர்ந்த ஒரு மருந்தை இரத்தக் குழாயில் செலுத்தினார்கள். கட்டிகள் சில நாட்களில் சுருங்கின; ஆயினும் மீண்டும் வளர்ந்தன; அவர் சில மாதங்களில் இறந்தார். ஆனால் வழி திறந்துவிட்டது. 1975-ல் இத்தாலியில் மிலான் நகரத்து டாக்டர் பொனடோனாவின் குழுவினர் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை வெளியிட்டனர். அம்முறை இன்றும் கையாளப்படுகிறது. தொடக்க நிலையில் கண்டு முறையாகச் சிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர்.

அந்நான்கில் ஒன்றான வின்பிளாஸ்டின் எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? நம் கொல்லைகளில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான். 1950-களில் கனடாவில் நீரிழிவுக்கு மருந்து தேடி அதை ஆராய்ந்தவர்கள், அது வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அதற்காக இலையை வீட்டில் அரைத்துக் குடிக்கலாகாது. அளவு தப்பினால் அது விஷம்.

ஆகவே நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டியது இதுதான்: புண்ணோடு வந்த நெறி புண்ணோடு போகட்டும். புண்ணின்றி வந்து, வலியின்றி, ரப்பர் பந்துபோல் கைக்கு நெகிழும் நெறி நான்கு வாரத்திற்கு மேல் நின்றாலும் வளர்ந்தாலும், காரணமில்லாத சுரமோ, படுக்கை நனையும் இரவு வியர்வையோ, மெலிவோ அதனுடன் சேர்ந்தாலும், தாமதியாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் கணுவை எடுக்கச் சொன்னால் எடுக்க விடுங்கள். கூச்சத்தால் சொல்லாதிருக்கும் பெண்களைத் தாய்மார்களே விசாரிக்க வேண்டும். வலிக்கவில்லையே என்று ஆறுதல் கொள்வதை மட்டும் விட்டுவிடுங்கள்.