விம் பிழைச்சிடுச்சு, விம்9 ஸ்கிரிப்ட்?

பொட்டி தட்டுற மக்களுக்கு விம் எடிட்டரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதை உருவாக்கின பிராம் மூலெனார் 2023 ஆகஸ்ட் 3ல காலமானார். 30 வருஷத்துக்கு மேல அதைக் கட்டிக் காத்தவர். "இனிமே விம் அவ்ளோதானா?"ன்னு அப்போ பல பேர் பயந்தாங்க. அந்த பயம் பொய்யாப்போச்சு. கிறிஸ்டியன் பிராபாண்ட் பொறுப்பெடுத்துக்கிட்டார், 2024 ஜனவரியிலேயே 9.1 வெளியாச்சு.

என் கவலை வேற. பிராம் கடைசி வருஷங்கள்ல பார்த்துப் பார்த்து கட்டின மொழி விம்9 ஸ்கிரிப்ட். 2022ல 9.0 கூட வந்துச்சு. பழைய விம் ஸ்கிரிப்ட், ஓடும்போதெல்லாம் ஒவ்வொரு வரியையும் மறுபடி மறுபடி அலசும். புதுசு ஃபங்ஷனை கம்பைல் பண்ணி வெச்சுக்கும். 10லேர்ந்து 100 மடங்கு வேகம் எதிர்பார்க்கலாம்னு அதோட கையேடே சொல்லுது. எழுதவும் சுகமாத்தான் இருக்கு.

ஆனா எழுத ஆள் வேணுமே! 2014ல பிரிஞ்சு போன நியோவிம், லுவா பக்கம் சாஞ்சிடுச்சு. அங்கே விம்9 ஸ்கிரிப்ட் நேரடியா ஓடாது. ரெண்டுலயும் ஓடணும்னா பழைய ஸ்கிரிப்ட்தான் கதி. லுவா கத்துக்கிட்டா கேம் எழுதவாவது உதவும். இதைக் கத்துக்கிட்டு விம்மைத் தாண்டி எங்கே போறது?

எடிட்டரைப் பராமரிக்க நாலு பேர் போதும். மொழி பிழைக்க அதுல எழுதுற கூட்டம் வேணும். விம் பயன்படுத்துறவங்க, அடுத்த குட்டி பிளகினை இதுல எழுதிப் பாருங்க மக்கா. அஞ்சலிக் கட்டுரையைவிட அதுதான் அந்த மனுஷனுக்கு மரியாதை.