வேற்றுமை தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் தூரமில்லை

கட்டுரையாளர், பாகான் டத்தோ வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்

பேராக் ஆற்றுக்கும் பெர்ணம் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் எங்கள் பாகான் டத்தோ. தென்னைக்கும் செம்பனைக்கும் நடுவே இருக்கும் இங்குள்ள தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளைத் தொடங்கிவிடுகிறார்கள். ஆறு ஆண்டு படித்த பிறகும் பலர் ‘ஹி கோ டு ஸ்கூல்’, ‘ஐ வெயிட் யூ’, ‘ஆஃப் தி ஃபேன்’ என்றுதான் எழுதுகிறார்கள். அவர்களுக்குச் சொற்கள் தெரியாமல் இல்லை. எழுத்துக்கூட்டலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நான், நீ, அவன் என்னும் மூவிடப்பெயரும், வினையும், டு, ஃபார், அட் போன்ற முன்னிடைச்சொல்லும் ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் வாக்கியம் உடைகிறது.

காரணம் கேட்டால், வீட்டில் ஆங்கிலம் பேசுவதில்லை, தமிழ் குறுக்கே நிற்கிறது என்று பலர் சொல்கிறார்கள். சில வகுப்பறைகளில் ஆங்கிலப் பாட வேளையில் தமிழ்ச்சொல் வாயில் வந்தால் அபராதம்கூட உண்டு. தமிழ் குறுக்கே நிற்கிறது என்பதை நான் முற்றிலும் மறுக்கிறேன். ஆங்கில வாக்கியத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான இலக்கணத்தில் ஒரு பாதி அந்தப் பிள்ளையின் தமிழில் இருக்கிறது, மறுபாதி அதன் மலாயில் இருக்கிறது. இரண்டையும் வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கட்டச் சொல்வதுதான் தவறு.

வினையிலிருந்து தொடங்குகிறேன். மலாயில் வினை யாருக்காகவும் மாறாது. நான் போனாலும் அவள் போனாலும் ‘பெர்கி’தான். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது என்று வினையின் வாலிலேயே ஆள் ஒட்டிக்கொண்டிருக்கிறான். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படி இருந்தது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் நீ போனால் ‘கோயஸ்ட்’, அவன் போனால் ‘கோயத்’. அந்த விகுதிகள் உதிர்ந்து, படர்க்கை ஒருமைக்கு உரிய ‘ஸ்’ மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘ஹி கோ’ என்று எழுதும் பிள்ளையிடம் ‘அவன் போகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள், கேட்டவுடன் சிரிக்கும். எழுவாயும் வினையும் பொருந்த வேண்டும் என்ற உணர்வு அதன் காதிலேயே இருக்கிறது. ‘ஹி கோ’வும் அதே வகைப் பிழை என்று நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. ‘ஸ்’ போடு என்று மட்டும் சொல்கிறோம்.

விகுதி உதிர்ந்ததால் ஆங்கிலத்தில் இன்னொன்றும் நடந்தது. தமிழில் ‘வந்துட்டேன்’ என்றால் முழு வாக்கியம். வந்தது யார் என்று வினையே சொல்லிவிடும். தமிழ் வகுப்பில் இதைத் தோன்றா எழுவாய் என்று படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘கேம்’ என்ற வினையைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது. ஆகவே எழுவாய் வெளியே தோன்றியே தீர வேண்டும். ஆளே இல்லாத இடத்திலும் ‘இட்’ என்ற ஒன்றை நிறுத்துகிறார்கள்: ‘இட் இஸ் ரெய்னிங்’. ஏவலைத் தவிர வேறெங்கும் தோன்றா எழுவாய் ஆங்கிலத்தில் கிடையாது என்று ஒரே வரியில் சொன்னால் ‘இஸ் ரெய்னிங்’ என்று எழுதும் பிள்ளைக்குக் காரணம் புரிந்துவிடும்.

முன்னிடைச்சொல்லில் மலாய் கைகொடுக்கிறது. ‘பள்ளியில்’ என்று தமிழில் உருபு பின்னால் வருகிறது. மலாயில் ‘டி செக்கோலா’, ஆங்கிலத்தில் ‘அட் ஸ்கூல்’. டி, கெ, டாரி, உந்தோக் ஆகியவற்றைத் தினமும் பெயருக்கு முன்னால் வைத்துப் பழகிய பிள்ளைக்கு அந்த வரிசை புதிதல்ல. ஆனால், எந்த வினைக்கு எந்த முன்னிடைச்சொல் என்ற கேள்விக்கு மலாய் போதாது. அங்கே தமிழ் வேண்டும். தமிழில் ஒவ்வொரு வினையும் தனக்கென்று ஒரு வேற்றுமையைக் கேட்டு வாங்குகிறது. என்னைப் பார், எனக்குக் கொடு, என்னிடம் சொல், என்னோடு வா. இவற்றை மாற்றிப் போட முடியாது. ஆங்கில வினையும் இப்படித்தான் தனக்குரிய முன்னிடைச்சொல்லைக் கேட்கிறது: லுக் அட் மீ, டாக் டு மீ, கம் வித் மீ. வேற்றுமை தெரிந்த பிள்ளைக்கு இந்த எண்ணம் ஏற்கெனவே பழக்கம்.

எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று ஒவ்வொரு வினையாக எடுத்துக் காட்ட வேண்டும். ‘ஐ வெயிட் யூ’ என்பது ‘சாயா துங்கு அவாக்’ என்ற மலாயிலிருந்து வருகிறது. தமிழில் ‘உனக்காகக் காத்திருக்கிறேன்’ என்கிறோம். அந்த ‘ஆக’தான் ஆங்கிலத்தின் ‘ஃபார்’. ‘மேரீட் வித் ஹெர்’ என்பதும் ‘காவின் டெங்கான்’ தந்த பிழை. ‘அவளைக் கல்யாணம் பண்ணினான்’ என்ற தமிழ் வழியே போனால் ‘மேரீட் ஹெர்’ என்று சரியாக வந்துவிடும். தமிழ் தவறாகக் கொண்டுபோகும் இடங்களும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. எனக்குக் கொடு, எனக்கு விளக்கு என்று இரண்டுக்கும் நாம் ‘கு’ போடுகிறோம். ஆங்கிலத்தில் ‘கிவ் மீ’ சரி, ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ தவறு, நடுவில் ‘டு’ வேண்டும். அதைவிடப் பெரியது, எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும் என்னும் வாக்கியங்கள். நாம் நான்காம் வேற்றுமையில் வைக்கும் ஆளை ஆங்கிலம் எழுவாயாக்கி ‘ஐ’ என்று முன்னால் நிறுத்துகிறது. இதை ஒரு பாட வேளை முழுக்கப் பேசலாம்.

இனி ‘ஆஃப் தி ஃபேன்’. வீட்டில் ‘ஃபேனை ஆஃப் பண்ணு’ என்கிறோம், அதனால் ‘ஆஃப்’பையே வினை என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. சரியான வினை ‘டர்ன் ஆஃப்’. ‘டர்ன் ஆஃப் தி ஃபேன்’ என்றும் சொல்லலாம், ‘டர்ன் தி ஃபேன் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஃபேனுக்குப் பதில் ‘இட்’ வந்தால் மட்டும் அது நடுவில்தான் நிற்கும்: ‘டர்ன் இட் ஆஃப்’. ஆனால் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்பதை ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ என்று பிரிக்க முடியாது. மனப்பாடம் செய்துகொள் என்றுதான் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. தமிழ்ப் பிள்ளைக்குக் காரணத்தையே சொல்லலாம். ‘அணைத்துவிடு’ என்பதில் ‘விடு’ வினையைச் சேர்ந்தது. ‘ஆஃப்’பும் அப்படி வினையின் உறுப்பு, இடையில் பெயர் புகலாம். ‘அவனை’ என்பதில் ‘ஐ’ பெயரைச் சேர்ந்தது. ‘ஆஃப்டர்’ அப்படித் தன் பெயரைப் பற்றிக்கொண்டு நிற்பது. அதைப் பெயரிடமிருந்து பிரித்துப் பின்னால் தள்ள முடியாது. துணைவினை எது, உருபு எது என்று அறிந்த பிள்ளைக்கு இந்த விளக்கம் நிச்சயம் எட்டும்.

பிள்ளைகளின் இன்னொரு வழக்கத்தை நாம் பிழை என்றே பார்க்கக் கூடாது. ‘கேன் டீச்சர் ஹெல்ப் மீ?’ என்று ஆசிரியரிடமே கேட்பார்கள். பெரியவரை நோக்கி ‘யூ’ என்று சொல்ல நாக்கு கூசுகிறது. தமிழிலும் மலாயிலும் ‘டீச்சர்’, ‘சிக்கு’ என்ற பெயரே முன்னிலைப் பெயராக நின்று மரியாதையைக் காக்கிறது. ஆங்கிலத்தின் ‘யூ’வில் நீயும் உண்டு, நீங்களும் உண்டு என்று சொல்லிக் கூச்சத்தைப் போக்க வேண்டும். அதட்டித் திருத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

இந்த வட்டாரத்துக்கு ஆங்கிலம் புதிதல்ல. டென்மார்க்காரரான ஆகா வெஸ்டன்ஹோல்ஸ் 1906-இல் ஜெண்டராட்டா தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே துரைக்கும் கிராணிக்கும் அது அலுவல் மொழி. தோட்டப்பள்ளிப் பிள்ளைக்குத்தான் எட்டவில்லை. ஆங்கிலப் பள்ளிக்கூடம் தெலுக் ஆன்சனில், இன்றைய தெலுக் இந்தானில் இருந்தது. பிறகு கொள்கைகள் வந்தன. 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்குப் போயின, 2012-இலிருந்து திரும்பின. 2016-இல் இருமொழித் திட்டம், 2017 முதல் ஐரோப்பிய மொழித் தரமான சி.இ.எஃப்.ஆர். பாடத்திட்டம். எந்தப் பாடத்தை எந்த மொழியில் நடத்துவது என்று ஒவ்வொரு முறையும் நாடே விவாதித்தது. ஓர் ஆங்கில வாக்கியத்தைத் தமிழ்ப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது என்ற பேச்சு எழவே இல்லை.

நாம் வாங்கிவந்த சி.இ.எஃப்.ஆர். தரமே கற்பவரின் மற்ற மொழிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மூல ஆவணம் பன்மொழித் திறனை மையமாக வைக்கிறது. ஒருவர் அறிந்த மொழிகள் ஒன்றுக்கொன்று துணை நிற்கும் என்பதே அதன் அடிப்படை. இது புதிய எண்ணமும் அல்ல. ஜெர்மானியப் பாதிரியாரான சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றார். அவர் எழுதி 1716-இல் ஹாலே நகரில் அச்சான தமிழ் இலக்கணத்தில், தமக்குத் தெரிந்த லத்தீன் இலக்கணச் சட்டத்தை வைத்துத்தான் தமிழை விளக்கினார். தெரிந்த மொழியின் இலக்கணத்தைக் கொண்டு அடுத்த மொழிக்குப் போவது அவருக்கு இயல்பாக இருந்தது. நம் பிள்ளைக்கு மட்டும் அது ஏன் குற்றமாக வேண்டும்?

தமிழ்ப் பாடத்தின் பக்கமும் ஒரு குறை உண்டு. இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் வலிமிகும் விதிக்காகவே நடத்துகிறோம். ‘க், ச், த், ப்’ எங்கே போடுவது என்று தேர்வுக்குத் தெரிந்தால் போதும் என்று முடித்துவிடுகிறோம். அந்த உருபு வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது, வினை ஏன் அதைக் கேட்கிறது என்பதுதான் பாடத்தின் உயிர். அதை நடத்தினால் தமிழும் உறுதிப்படும், ஆங்கிலத்துக்கும் வழி திறக்கும்.

இதற்கு அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை, புதிய நூலும் தேவையில்லை. ஆங்கில ஆசிரியர்களே, வேற்றுமைப் பாடம் எந்த வாரம் வருகிறது என்று பக்கத்து வகுப்புத் தமிழாசிரியரைக் கேளுங்கள். அதே வாரத்தில் ‘வெயிட் ஃபார்’, ‘லுக் அட்’, ‘எக்ஸ்பிளெய்ன் டு’ ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். கரும்பலகையில் மூன்று மொழி வாக்கியத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பெற்றோர்களே, ஆங்கிலம் வரட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளிடம் தமிழில் முழு வாக்கியமாகப் பேசுங்கள்.