மாட்டு அலங்காரம்: அழகு எது, ஆபத்து எது?

தை மாதம் நெருங்கினால் ஆலங்குடி வட்டாரத்தில் கால்நடைகளுக்குச் சிங்காரம் தொடங்கி விடுகிறது. கடைவீதிகளில் புதுக் கயிறு, சலங்கை, நெற்றிப் பட்டை, கொம்புக் குஞ்சம், சாய டப்பா எல்லாம் விற்பனைக்கு வருகின்றன. மாட்டுப் பொங்கலுக்கு உழவு மாடும் கறவை மாடும், வன்னியன்விடுதி போன்ற ஊர்களின் ஜல்லிக்கட்டுக்குக் காளையும், எல்கைப் பந்தயத்துக்கு வண்டி மாடும் ஜோடிக்கப்படுகின்றன. உழைக்கும் ஜீவனுக்கு ஆண்டுக்கு ஒரு நாளாவது மரியாதை செய்யும் நல்ல வழக்கம் இது. ஆனால் செய்கிற மரியாதை மாட்டுக்கே வினையாகி விடக் கூடாது.

அலங்காரத்துக்கு இரண்டு விதிகள் போதும். ஒன்று, அது மாட்டின் உடலை எடுத்துக் காட்ட வேண்டும். மறைக்கவோ மாற்றவோ கூடாது. இரண்டு, போட்ட அன்றே கழற்றிவிடக் கூடியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் அடங்காத வழக்கங்களைக் கைவிடுவதே நல்லது.

குதிரைக்காரர்களின் பாடம்

குதிரை வளர்ப்போர் இதை நன்றாக அறிந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் குதிரையைக் கண்காட்சிக்குக் கொண்டு செல்லும் முன் பிடரி மயிரைச் சிறு சிறு பின்னல்களாகப் பின்னி, நூலால் கட்டி, உருண்டைகளாகச் சுருட்டி விடுவார்கள். கழுத்தின் வடிவம் நடுவரின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். காட்சி முடிந்ததும் பின்னலை அவிழ்த்து விடுவார்கள். அவிழ்க்காமல் விட்டால் மயிர் அறுந்து போகும். அரிப்புத் தாங்காமல் குதிரை கழுத்தைத் தூணில் உரசிப் புண்ணாக்கிக் கொள்ளும். அந்நாட்டின் மலைப்பகுதி மட்டக் குதிரைகளுக்குப் பின்னலே போடுவதில்லை. இயல்பாகத் தொங்கும் பிடரியே அவற்றின் இனத்துக்கு அடையாளம் என்பதால், அப்படியே காட்சிக்குக் கொண்டு வருகிறார்கள்.

ஆலங்குடிப் பகுதி மக்களுக்கும் அலங்காரக் குதிரை புதிதல்ல. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோவிலின் பிரம்மாண்டமான குதிரைச் சிலைக்கு மாசி மகத்தன்று பக்தர்கள் காகிதப் பூமாலைகளைச் சாத்துகிறார்கள். குதிரையே தெரியாத அளவுக்கு மாலைகள் குவிகின்றன. சிலைக்கு அரிப்பு இல்லை, வலி இல்லை; எத்தனை நாள் வேண்டுமானாலும் மாலை கிடக்கலாம். கொட்டிலில் நிற்கும் உயிருக்கு அப்படி இல்லை.

கொம்பைச் சீவலாமா?

கொம்பைச் சீவி மெருகேற்றுவதுதான் மிகவும் ஆபத்தான வழக்கம். கொம்பு, நகம் போல வெறும் ஓடு என்று பலர் எண்ணுகிறார்கள். வெளியே தெரிவது மட்டுமே ஓடு. அதன் நுனி கெட்டியாக இருக்கும். உள்ளே எலும்பு இருக்கிறது. அதைச் சுற்றி இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வயது வந்த மாட்டில் அந்த எலும்பினுள் உள்ள வெற்றிடம் நெற்றியின் காற்றறையோடு தொடர்பு கொண்டது. கத்தியாலும் கண்ணாடித் துண்டாலும் ஓட்டைச் சுரண்டிக் கொண்டே போனால் அது மெலிந்து உள்ளிருக்கும் உயிர்ப்பகுதி வரை போய்விடும். சிறிய அடி பட்டாலும் கொம்பு வெடிக்கும். ஈ மொய்த்துப் புழு வைத்தால் சீழ் நெற்றிக்குள் இறங்கும்.

கொம்புப் புற்றுநோயையும் மறந்துவிடக் கூடாது. இந்திய நாட்டு மாடுகளில், குறிப்பாக 5 முதல் 10 வயதுள்ள காயடித்த எருதுகளில் இது அதிகமாகக் காணப்படுகிறது. நுகத்தடி உராய்வு, கொம்பு சீவுதல், சாயம் பூசுதல் ஆகியவற்றால் உண்டாகும் இடைவிடாத எரிச்சல் இந்நோய்க்குத் துணை போகக்கூடும் என்று கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். மாடு அடிக்கடி தலையை உதறும். கொம்பை மரத்தில் தேய்க்கும். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்க்கும். அந்தப் பக்கத்து மூக்கிலிருந்து இரத்தம் கலந்த சளி வரும். பிறகு கொம்பு ஆட்டம் காணும். தொடக்கத்திலேயே கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிச் சென்றால் கொம்பை அறுவை செய்து மாட்டைக் காப்பாற்ற வழியுண்டு. முற்றிவிட்டால் எருது போய்விடும். ஒற்றை மாடு போனால் மற்றதுக்கு ஜோடி தேடி அலைய வேண்டும் என்பது சிறு விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சீவிய கொம்புதான் எடுப்பு, சந்தையில் விலையும் கூடும் என்று வாதிடுவோர் உண்டு. விவரம் அறிந்தவர் பல்லையும் குளம்பையும் நடையையும் பார்த்துத்தான் விலை பேசுவார். புலிக்குளம் போன்ற நாட்டு இனங்களுக்குக் கொம்பின் அமைப்பே அடையாளம். நுனி கூராக இருந்து ஆளுக்கோ பக்கத்து மாட்டுக்கோ இடைஞ்சல் என்றால், கெட்டியான நுனியை மட்டும் அரத்தால் லேசாக மழுக்கினால் போதும். பக்கவாட்டில் கை வைக்க வேண்டியதில்லை.

சாயமும் பிளாஸ்டிக்கும்

வீட்டுக் கதவுக்கு அடிக்கும் பெயிண்டைக் கொம்புக்கு அடிப்பது இன்னொரு தவறு. பழைய பெயிண்டுகளில் ஈயம் அதிகம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பூசிய கொம்பையோ, தரையில் போட்ட டப்பாவையோ கன்று நக்கினால் ஈய நஞ்சு ஏறும். கண் பார்வை மங்கும்; பல்லை நறநறவென்று கடிக்கும்; வலிப்பு வந்து விழும். நிறம் வேண்டும் என்பவர்கள் காவிக் கல்லையோ மஞ்சளையோ தண்ணீரில் குழைத்துப் பூசலாம். மறுநாள் கழுவினால் போய்விடும். நிறமே வேண்டாம் என்றால் கொஞ்சம் கடலை எண்ணெய் தடவித் துணியால் துடைத்தாலே கொம்பு பளபளக்கும்.

பிளாஸ்டிக் பூவும் நாடாவும் வேண்டவே வேண்டாம். அறுந்து விழுந்ததை மாடு மென்று விழுங்கும். அது இரைப்பையில் அடைத்துக் கொள்ளும். கீரமங்கலம் பகுதியில் பூச்சாகுபடி நடக்கும்போது பிளாஸ்டிக் மாலையை விலைக்கு வாங்குவானேன்? மூக்கணாங்கயிறு மாற்றும்போதும் நைலான் கயிற்றைத் தவிர்த்துப் பருத்திக் கயிற்றைப் பயன்படுத்துவது நலம். நைலான் மூக்குத் தண்டை அறுக்கும். சலங்கைப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அன்று இரவே பட்டை, மாலை, குஞ்சம் அனைத்தையும் கழற்றி, உடலைக் கழுவி, சிராய்ப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே மாட்டைக் கட்ட வேண்டும்.

உண்மையான மெருகு

மாட்டின் மேனி மினுமினுப்பு ஒரே நாளில் வருவதல்ல. ஒரு மாதம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்து, தினமும் தேங்காய் நாரால் தேய்த்து விட்டால் உதிர வேண்டிய மயிர் உதிர்ந்து தோல் மெருகேறும். கடலைப் பிண்ணாக்கும் உளுந்தம் பொட்டும் இப்பகுதியில் கிடைப்பவை; பசுந்தீவனத்தோடு அளவாகக் கொடுத்தால் உடம்பு பிடிக்கும். பல ஊர் மாடுகள் கூடும் இடத்துக்குப் போகுமுன், குறைந்தது மூன்று வாரம் முன்பே கோமாரித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

விழாக் கமிட்டியாருக்கும் இதில் பொறுப்பு உண்டு. கால்நடை மருத்துவ முகாம்களில் கன்றுகளைப் பார்த்துப் பரிசு தரும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பொங்கல் விழாக்களிலும் அதையே பின்பற்றலாம். அதிகமாக ஜோடித்த மாட்டுக்குப் பரிசு என்பதை விட்டுவிட்டு, புண்ணில்லாத கழுத்து, சீவாத கொம்பு, வெடிப்பில்லாத குளம்பு ஆகியவற்றைப் பார்த்து, உள்ளூர் கால்நடை மருத்துவரை நடுவராக வைத்துப் பரிசு கொடுக்கலாம். பரிசு எதற்கோ, அதைத்தான் ஊர் செய்யும். ஒரு ஊர் தொடங்கினால் அடுத்த தையில் பக்கத்து ஊரும் தொடரும், எருதுகளும் பிழைக்கும்.